வலது காது மட்டும் ஏன் பேச மறுக்கிறது? - புளூடூத் இணைப்பின் கதை

பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் நிற்கிறார். காதில் இருக்கும் வயர்லெஸ் இயர்பட்டை எடுக்கிறார், டப்பாவில் போடுகிறார், மூடுகிறார், திறக்கிறார், மறுபடியும் மாட்டிக்கொள்கிறார். இடது காதில் பாட்டு கேட்கிறது. வலது காதில் ஒன்றுமில்லை. போனை அணைத்துப் போடுகிறார். இன்னும் இல்லை. "போச்சு, ரிப்பேர்" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

பெரும்பாலும் அது ரிப்பேர் இல்லை! இரண்டு கருவிகளுக்கு இடையில் இருக்க வேண்டிய ஓர் அறிமுகம் அறுந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த அறிமுகத்துக்குப் பெயர்தான் 'பேரிங்', அதாவது ஜோடி சேர்த்தல். இந்த ஜோடி சேர்க்கும் வேலைக்கு முப்பது வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால், இயர்பட் முரண்டு பிடிக்கும்போது எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரிந்த இணைப்பு

1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தேனியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன்கள் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படையும் வாங்கிக்கொண்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஹெட்போன் என்றால் கம்பிதான். கம்பியின் முனையில் இருக்கும் 'ஜாக்' இன்னும் பழையது. அது 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையத்தில் பிறந்தது. அங்கே பணிப்பெண்கள் ஒரு கம்பியை எடுத்து ஒரு துளையில் செருகி இரண்டு பேரைப் பேச வைப்பார்கள். அந்தப் பெரிய முனைதான் சுருங்கிச் சுருங்கி டிரான்சிஸ்டர் ரேடியோவிலும், 1979இல் வந்த சோனி வாக்மேனிலும் 3.5 மில்லிமீட்டர் முனையாக உட்கார்ந்தது.

கம்பியில் ஒரு பெரிய வசதி உண்டு. இணைப்பு கண்ணுக்குத் தெரியும். எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. பாட்டு கேட்கவில்லையா? முனையைத் திருகு, இல்லையென்றால் கம்பியை ஆட்டிப் பார். பழுது பார்க்கும் வித்தை அதோடு முடிந்தது!

கம்பியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? காற்றில் எல்லோருடைய அலைகளும் கலந்திருக்கின்றன. அதில் "இது என் போன், இது என் ஹெட்செட்" என்று கருவிகள் தாங்களாகவே கண்டுகொள்ள வேண்டும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

சுவீடனில் ஒரு யோசனை

சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் நில்ஸ் ரிட்பெக் தொழில்நுட்பத் தலைவராக இருந்தார். 1989இல் அவர் குறுகிய தூரத்துக்கு மட்டும் எட்டும் ஒரு ரேடியோ இணைப்பை உருவாக்கும் வேலையைத் தொடங்கி வைத்தார். அதன் நோக்கம் வேறொன்றுமில்லை, கம்பியில்லாத ஹெட்செட்தான். 1994இல் லுண்ட் நகரில் இருந்த எரிக்சன் கூடத்தில் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர் இதற்கு வடிவம் கொடுத்தார். அவரோடு ஸ்வென் மாட்டிசன் என்பவரும் சேர்ந்துகொண்டார்.

அவர்கள் தேர்ந்தெடுத்த அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ். உலகின் பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதால்தான் இந்தத் தேர்வு. ஆனால் இலவசச் சத்திரத்தில் கூட்டம் இருக்கத்தானே செய்யும்? மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் வேலை செய்கிறது. வைஃபையும் பின்னால் அங்கேதான் வந்து குடியேறியது.

கூட்டத்தில் மோதாமல் தப்பிக்க ஹார்ட்சன் குழு ஒரு வழி வைத்திருந்தது. அந்த அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்து, ஒரு விநாடிக்கு 1600 முறை தடம் விட்டுத் தடம் தாவுவது! இந்தத் தாவும் யோசனை அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1942இலேயே ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும், எதிரிகள் தடுக்க முடியாத டார்பிடோவுக்காக இதே வகையான ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். அதில் அலைவரிசைகள் 88. ஒரு பியானோவில் இருக்கும் கட்டைகளின் எண்ணிக்கையும் அதுதான்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் ஒரே தடத்துக்குத் தாவ வேண்டும். ஒன்றின் கடிகாரத்தை மற்றது அறிந்திருக்க வேண்டும், தாவும் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத கருவி கூட வந்து சேர முடியாது. புளூடூத்தில் அறிமுகம் இல்லாமல் பேச்சே கிடையாது என்பது இதனால்தான்.

பல் நீலமான அரசன்

இந்தத் தொழில்நுட்பத்துக்கு எரிக்சன் வைத்திருந்த பெயர் வேறு. 1997இல் இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கர்டாக்கும் ஸ்வென் மாட்டிசனும் கனடாவின் டொரன்டோ நகரில் சந்தித்தபோது, பேச்சு வரலாற்றின் பக்கம் திரும்பியது. அப்படித்தான் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டின் பெயர் கர்டாக்கின் காதில் விழுந்தது. ஹரால்டுக்குப் பட்டப்பெயர் 'நீலப்பல்'. சிதறிக் கிடந்த டேனிஷ் மக்களை ஒன்று சேர்த்தவன் என்று அவனைச் சொல்வார்கள். கணினிக்காரர்களையும் போன்காரர்களையும் ஒன்று சேர்க்கும் தொழில்நுட்பத்துக்கு இதைவிட நல்ல பெயர் எது?

ஆனால் அது தற்காலிகப் பெயராகத்தான் வைக்கப்பட்டது. வேறு இரண்டு பெயர்கள் போட்டியில் இருந்தன. ஒரு பெயர் ஏற்கெனவே இணையத்தில் ஏகப்பட்ட இடங்களில் புழங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றுக்கு வணிகச் சின்னச் சோதனை உரிய நேரத்தில் முடியவில்லை. கடைசியில் தற்காலிகப் பெயரே நிரந்தரமாகிவிட்டது. இன்று போனில் தெரியும் புளூடூத் சின்னமும், ஹரால்டின் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பழைய ரூனிக் எழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியதுதான்.

இலவசமாகக் கொடுத்த கணக்கு

வணிகம் படிப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. எரிக்சன் தன் கண்டுபிடிப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எரிக்சன் ஹெட்செட் எரிக்சன் போனோடு மட்டும்தான் பேசும். அந்த ஹெட்செட்டை எத்தனை பேர் வாங்குவார்கள்?

1998 மே மாதம் எரிக்சன், இன்டெல், நோக்கியா, தோஷிபா, ஐபிஎம் என்று ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை அறிவித்தன. இதில் உறுப்பினராகும் எந்த நிறுவனமும் காப்புரிமைத் தொகை கட்டாமல் இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் தன் பொருள் விதிகளுக்கு உட்பட்டது என்று சான்று பெற வேண்டும். போட்டியாளர்களுக்கே வழியைத் திறந்துவிட்டு, சந்தையைப் பெரிதாக்கி, அதில் தன் பங்கை எடுத்துக்கொள்வது என்பதுதான் கணக்கு. 1999இல் முதல் பதிப்பு வெளியானது.

சாலைச் சட்டங்களும் கை கொடுத்தன. 2001இல் நியூயார்க் மாநிலமும் 2003 டிசம்பரில் பிரிட்டனும் போனைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுவதைத் தடை செய்தன. காதில் மாட்டும் ஒற்றை ஹெட்செட்டுக்குச் சந்தை உருவானது.

'ஒற்றை' என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் பிறந்தபோது அதன் மனதில் இருந்தது ஒரு போன், ஒரு காது. வலது காதின் இன்றைய தொல்லைக்கு விதை போட்டது இதுதான்.

நான்கு பூஜ்ஜியங்களின் காலம்

அந்தக் காலத்தில் ஜோடி சேர்ப்பது ஒரு சடங்கு மாதிரி இருந்தது. ஹெட்செட்டின் பொத்தானை விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். போனில் தேட வேண்டும். பெயர் வந்ததும் ரகசிய எண் கேட்கும். ஹெட்செட்டில் எண் தட்ட விசை கிடையாது. ஆகவே தயாரிப்பாளர்களே ஓர் எண்ணை நிரந்தரமாக உள்ளே வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் அது 0000. ஊருக்கே தெரிந்த ரகசியம்!

அந்த எண்ணை வைத்து இரண்டு கருவிகளும் ஒரு பொதுச் சாவியை உருவாக்கி, ஆளுக்கு ஒரு பிரதியைத் தங்கள் நினைவில் வைத்துக்கொள்ளும. அடுத்த முறை எண் கேட்காமல் சேர்ந்துகொள்வது அந்தச் சாவியால்தான். 2005இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், ஜோடி சேரும் நேரத்தில் ஒட்டுக்கேட்டால் நான்கு இலக்க எண்ணை ஒரு விநாடிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். பூட்டு வெறும் பெயருக்குத்தான் என்பது வெளிப்பட்டது.

2007இல் வந்த புளூடூத் 2.1 இதை மாற்றியது. ரகசிய எண்ணுக்குப் பதிலாகக் கருவிகளே கணித முறையில் சாவியை உருவாக்கிக்கொள்ளும். ஹெட்செட் போன்ற, திரையும் விசையும் இல்லாத பொருள்களில் பயனர் எதையும் தட்ட வேண்டாம். வேலை எளிதானது, பூட்டும் முன்பைவிட வலுவானது. ஆனால் சாவி என்று ஒன்று இருப்பதே பயனருக்கு மறந்து போனது.

பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி

ஆரம்பத்தில் புளூடூத் ஹெட்செட்டில் பேச்சு மட்டும்தான், அதுவும் பழைய தொலைபேசித் தரத்தில். ஸ்டீரியோ இசைக்கான விதிமுறை 2003இல்தான் தனியாக வந்தது. ஆக, ஒரே ஹெட்செட்டுக்குள் இரண்டு வழிகள் ஆயின. பாட்டு கேட்கும் வழியில் ஒலி நன்றாக இருக்கும், ஆனால் மைக் வேலை செய்யாது. பேச்சு வழியில் மைக் வேலை செய்யும், ஒலித்தரம் குறைந்துவிடும்.

மடிக்கணினியில் இனிமையாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு, ஆன்லைன் வகுப்பில் மைக்கைத் திறந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடுவது இதனால்தான். இயர்பட் கெட்டுப் போகவில்லை. கணினி வழி மாறியிருக்கிறது. கணினியின் மைக்கையே தேர்ந்தெடுத்தால் பாட்டு பழையபடி திரும்பிவிடும்.

இரண்டு காதுகளின் சிக்கல்

2014இல் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த பிராகி என்ற சிறு நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 'டேஷ்' என்ற பொருளை அறிவித்தது. இரண்டு காதுக்கும் நடுவே கூடக் கம்பி இல்லாத இயர்பட். சுமார் 34 லட்சம் டாலர் திரண்டது! சுவீடனின் இயரின் நிறுவனமும் அதே ஆண்டு அதே தளத்தில் இறங்கியது. 2015இல் ஜப்பானின் ஆன்கியோவும் ஒன்றை வெளியிட்டது.

எல்லோரும் முட்டிக்கொண்ட சுவர் ஒன்றுதான். புளூடூத் இசை வழி ஒரு போனிலிருந்து ஒரு கருவிக்குத்தான் போகும். இங்கே கருவிகள் இரண்டு. எனவே ஒரு பட் தலைவனாகி மொத்த இசையையும் வாங்கி, மறு பட்டுக்கு அதன் பங்கை அனுப்ப வேண்டும். நடுவில் என்ன இருக்கிறது? மனிதத் தலை! உடலில் இருக்கும் நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கிவிடும். சில அங்குலத் தூரத்தைக் கடக்க முடியாமல் இசை திக்கியது. பிராகி இதற்காகக் காந்தப்புலம் வழியாக ஒலியைக் கடத்தும் தனி முறையைப் பயன்படுத்தியது. ஏனெனில் காந்தப்புலத்துக்குத் தலை ஒரு தடையல்ல. வழி காட்டியவர்களே சந்தையில் நிலைப்பார்கள் என்பது நிச்சயமில்லை. பிராகி 2019இல் கருவி தயாரிக்கும் பிரிவையே விற்றுவிட்டது.

மூடியைத் திறந்தால் போதும்

2016 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் 7இல் ஹெட்போன் துளையை எடுத்துவிட்டு, அதே மேடையில் ஏர்பாட்ஸை அறிவித்தது. அது டிசம்பரில்தான் கடைக்கு வந்தது. ஐபோனுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தால் திரையில் படம் வரும், ஒரு முறை தொட்டால் போதும். வேறு நிறுவனப் போனோடு சேர்க்க வேண்டுமென்றால் மட்டும் டப்பாவின் பின்புறப் பொத்தானை அழுத்த வேண்டும். 2017இல் கூகுளும் ஆண்ட்ராய்டுக்காக இதே மாதிரி ஓர் எளிய முறையைக் கொண்டுவந்தது.

இரண்டாவது பட்டின் சிக்கலுக்கும் ஒரு தீர்வு பரவியது. தலைவன் பட் போனோடு பேசுவதை மறு பட் அமைதியாக ஒட்டுக்கேட்டுத் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தலையைக் கடந்து இசையை அனுப்ப வேண்டியதில்லை. 2020இல் குவால்காம் அறிவித்த சிப்களில் இந்த மாதிரி முறை வந்தது. தலைவனைக் காதிலிருந்து எடுத்தால் மற்றவன் தலைமை ஏற்பான்.

ஆனால் இவை எல்லாம் அவரவர் கைவைத்தியம். 1998இல் திறந்துவிட்ட பொதுச் சாலையின் மேல் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வேலி கட்டத் தொடங்கியது.

காது கேளாதவர்கள் திறந்த கதவு

இந்த வேலியால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பாட்டு ரசிகர்கள் அல்ல, காதுகேள் கருவி அணிபவர்கள். அவர்களுக்கு இரண்டு காதிலும் ஒலி வேண்டும், பேட்டரியும் நாள் முழுக்க நிற்க வேண்டும். பழைய புளூடூத் இரண்டுக்கும் ஒத்துவராது. பலர் கழுத்தில் இன்னொரு கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு போன் பேசினார்கள். ஆப்பிள் தன் போனுக்கு ஒரு வழி செய்தது, கூகுள் 2018இல் வேறு வழி செய்தது. காதுகேள் கருவி வாங்குபவர் முதலில் போனின் நிறுவனத்தைப் பார்க்க வேண்டிய நிலை!

2014இலேயே ஐரோப்பியக் காதுகேள் கருவி உற்பத்தியாளர் சங்கம் புளூடூத் கூட்டமைப்போடு ஓர் ஒப்பந்தம் செய்து பொது வழி கேட்டது. அந்த உழைப்பின் பலன்தான் 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு 2022இல் விதிமுறைகள் முழுமையான 'எல்ஈ ஆடியோ'. இதில் இடது காதுக்கும் வலது காதுக்கும் போன் தனித்தனியாக, நேரம் பிசகாமல் ஒலியை அனுப்பும். தலைவன், தொண்டன் என்ற ஏற்பாடு இதற்குத் தேவையில்லை. ஒரே இடத்திலிருந்து ஜோடி சேராமலே பலர் கேட்கும் ஒலிபரப்பு வசதியும் இதில் உண்டு. ஒற்றைக் காதுக்கென்று பிறந்த தொழில்நுட்பம், இரண்டு காதையும் தன் விதிப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளக் கால் நூற்றாண்டு ஆனது. அதற்குத் தள்ளியவர்களில் முன்னால் நின்றது காதுகேள் கருவித் துறை. ஆனால் போனும் இயர்பட்டும் இரண்டுமே இதை ஏற்றால்தான் பலன். பழைய முறையில் ஓடும் கருவிகள் இன்னும் ஏராளம்.

வரலாறு சொல்லும் வைத்தியம்

பேருந்து நிறுத்தத்தில் நின்றவருக்கு இப்போது என்ன சொல்லலாம்?

1. ஒரு காது மட்டும் மௌனமா? முதலில் டப்பாவுக்குள் இருக்கும் உலோகப் புள்ளிகளையும் பட்டின் புள்ளிகளையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். அழுக்கு படிந்தால் அந்தப் பட்டுக்குச் சார்ஜே ஏறியிருக்காது.

2. சார்ஜ் இருந்தும் மௌனமா? இரண்டு பட்டும் தங்களுக்குள் இருந்த அறிமுகத்தை இழந்திருக்கலாம். இரண்டையும் டப்பாவில் வைத்து, கையேட்டில் சொன்னபடி பொத்தானை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்ய வேண்டும்.

3. போனில் பெயர் இருக்கிறது, ஆனால் சேரவில்லையா? சாவியின் ஒரு பிரதி தொலைந்திருக்கிறது. பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியோடு வாசலில் நிற்பது போல. போனின் புளூடூத் பட்டியலில் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, இயர்பட்டையும் ரீசெட் செய்து, புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் போதாது.

4. தேடினால் பெயரே வரவில்லையா? வீட்டில் இருக்கும் மடிக்கணினியோ தம்பியின் போனோ முந்திக்கொண்டு சேர்ந்திருக்கும். அவற்றில் புளூடூத்தை அணைத்துவிட்டுப் பார்க்கலாம்.

5. நடக்கும்போது விட்டு விட்டுக் கேட்கிறதா? போன் இருக்கும் பையை மாற்றிப் பார்க்கலாம். நடுவில் உடம்பு நிற்கிறது!

இத்தனைக்கும் ஐந்து நிமிடம் போதும். ஆனால் இது தெரியாமல் எத்தனை நல்ல இயர்பட்கள் குப்பைக்குப் போயிருக்கும்? அவற்றின் பேட்டரியை மாற்றுவதே கடினம் என்பதால் கடைக்காரரும் "புதுசு வாங்கிக்கோங்க" என்றுதான் சொல்வார். விற்பவருக்கு அது லாபம், வாங்குபவருக்கு நஷ்டம், மண்ணுக்கும் நஷ்டம்.

தொலைபேசி நிலையத்துப் பணிப்பெண் கம்பியைக் கையில் பிடித்து இணைத்தாள். பிறகு 0000 என்று தட்டினார்கள். பிறகு மூடியைத் திறந்தாலே போதும் என்றானது. ஒவ்வொரு கட்டத்திலும் வேலை எளிதானது, ஆனால் வேலை நடக்கும் விதம் ஒரு படி மறைந்தது. எளிமையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மறைந்து போன அந்தப் படிகளைத் தெரிந்து வைத்திருப்பவர், இயர்பட் மௌனமாகும்போது புதியது வாங்கக் கடைக்கு ஓட மாட்டார். அறிமுகத்தைப் புதுப்பித்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்து கேட்பார்!